ராஜகனியின் இடுப்புவலி

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. உப்பளத்து வரப்பில் அரை மைல் நடப்பதற்குள் பட்டுக்கனி மூன்று இடத்தில் நின்றுவிட்டாள். பதினெட்டு வருஷம் தலையில் உப்புக்கூடை சுமந்த கால்கள். சுமையை இறக்கி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வரப்பில் கால் வைத்ததுமே பழைய வலியெல்லாம் எழுந்து வந்து, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டது.

மதியம் பன்னிரண்டு மணி. பாத்திகள் வெள்ளைவெளேரென்று கண்ணைக் குத்தின. முந்தியெல்லாம் இந்த நேரத்தில் வந்தால் தூரத்திலேயே பேச்சுச் சத்தம் கேட்கும். புருஷனைத் திட்டுவார்கள், கங்காணியைத் திட்டுவார்கள், சூரியனையே ‘ஏலே’ என்று கூப்பிட்டுத் திட்டுவார்கள். இன்று அந்தச் சத்தம் இல்லை. முப்பத்தொரு பெண்கள் உப்பு வாரும் பலகையும் கூடையுமாக நடந்துகொண்டிருந்தார்கள். காலடியில் உப்பு நொறுங்குவது மட்டும்தான் கேட்டது.

திடீரென்று முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள்.

ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நின்ற சிரிப்பு. ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கவில்லை. கூடையை இறக்கவில்லை, நடையை நிறுத்தவில்லை. சிரித்து முடித்ததும் முகங்கள் பழையபடி வெறிச்சென்று ஆகிவிட்டன.

அந்தச் சிரிப்பு எந்த வரிக்கு என்று பட்டுக்கனிக்குத் தெரியும். ‘தோணிக்காரி’ கதையில் அமலோற்பவம் தோணி ஓட்டுகிறவனைப் பார்த்து, “மீசைய மட்டும் நம்பியாவே கடலுக்குள்ள வந்தீரு?” என்று கேட்கும் இடம். காலையில் ஆறரை மணிக்கு அவள் வாயால் சொன்னது. இப்போது மறுபடி ஓடுகிறது. அடுத்து புயல் வரும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த மாதிரியே உச்சிவெயிலில் முப்பத்தொரு பெண்களும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கினார்கள்.

எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பட்டுக்கனி வலியைப் பொறுத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

முதுகு விட்டுப்போய் வீட்டில் கிடந்த காலத்தில் அளத்துப் பெண்களின் கதைகளை நோட்டில் எழுதத் தொடங்கியவள் அவள். செவிச்சுவடி பதிப்பகம் அவளைத் தேடி வந்தது. காகிதத்தில் புத்தகம் போடும் வழக்கம் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. அவள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை கட்டி, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிக் கொடுத்தார்கள். காலை ஆறு முதல் எட்டு வரை அதற்குள் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். கேட்பவர்கள் காதில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு கருவி இருக்கும். பதிப்பகம் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தது. பெண்கள் கம்மல் என்றார்கள். உழைக்கிற சனத்துக்குக் கதை இலவசம் என்று பதிப்பாளர் மேடையில் சொன்ன அன்று பட்டுக்கனி கண்ணீர் விட்டு அழுதிருக்கிறாள்.

நேற்று ராஜகனியின் துட்டிவீட்டுக்குப் போயிருந்தாள். ராஜகனிக்கு ஐம்பத்தெட்டு வயசு. முந்தாநாள் காலை ஒன்பது மணிக்கு வரப்பில் விழுந்து செத்துப்போனாள். மாரடைப்பு என்றார் டாக்டர். சாதிசனம் மாரடித்து அழுதது. கூட வேலை பார்த்த அளத்துப் பெண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்து பிணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கண்ணிலும் நீர் இல்லை. அவர்களோடு பட்டுக்கனியின் தங்கை தங்கபுஷ்பமும் இருந்தாள். அவள் கால் விரலிடுக்கில் ஒரு புண், கருத்துப்போய் வாயைப் பிளந்திருந்தது. அதில் ஈ மொய்த்தது. அவள் காலை அசைக்கவே இல்லை.

அதற்காகத்தான் இன்று வந்தாள்.

கங்காணி விசில் அடித்தான். பெண்கள் உப்பு அம்பாரத்தின் நிழலுக்கு வந்து, காதிலிருந்து கம்மலைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டார்கள். சார்ஜ் ஏறுவதற்காக ஒருவன் அந்த டின்னை வெயிலில் வைத்தான்.

“யக்கா, நீ எங்கன இங்க?” தங்கபுஷ்பம் வாயெல்லாம் பல்லாக வந்தாள். “ஏட்டி எல்லாரும் பாருங்க, அமலோற்பவமே வந்துட்டா!”

“காலைக் காட்டுட்டி.”

“கால்ல என்ன? ஒண்ணுமில்லக்கா. வலியே இல்ல.”

“அதத்தாம்ட்டி கேக்கேன். இவ்வளவு பெரிய புண்ணு, ஏன் வலிக்கல?”

“இது ஒரு கேள்வியா? வலிக்கலன்னா சந்தோசப்படணும். கதை சொல்லுதவளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

“தண்ணி குடிச்சியா?”

“சோத்தோட குடிச்சேன்.”

“தாகம்?”

தங்கபுஷ்பம் யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். கடைசியாக எப்போது தாகம் எடுத்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பட்டுக்கனி அவள் முழங்கைக்கு மேல் சதையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள்.

“என்னக்கா செய்த?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம், குனிந்து கையைப் பார்த்த பிறகு.

கம்மல் அப்போது அவள் காதில் இல்லை. டின்னுக்குள் கிடந்தது.

“ராஜகனி மதினி விழுந்தப்ப பக்கத்துல யாரு நின்னா?”

“நாந்தான். கூடையோட நடந்துக்கிட்டிருந்தவ சட்டுன்னு நின்னா. ‘எல்லாரும் ஒண்ணா வாராவட்டி’ன்னு சொன்னா. திரும்பிப் பாத்தேன், வரப்புல ஒருத்தரும் இல்ல. பொறவு ஒரு சத்தம் போட்டா பாரு, எத்தனை பேரு சேந்து கத்துனாப்ல. அவ்வளவுதான்.” அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. “எனக்கு அழணும்னுதான் தோணுச்சுக்கா. எங்கன இருந்து அழணும்னு தெரியல.”

விசில் கேட்டது. பெண்கள் டின்னுக்குள் கையை விட்டு, கைக்கு வந்த கம்மலை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

“எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?” என்றாள் பட்டுக்கனி.

“மொதல்ல பேரெழுதி ஒட்டித்தான் குடுத்தாவ. உப்புக்காத்துல ஒரு வாரம் நிக்குமா? எதா இருந்தா என்ன? எல்லாத்துலயும் நீதான பேசுத!”

*

அன்று சாயங்காலம் எட்வின் வீட்டுக்கு வந்தான். பதிப்பகத்தில் அவள் கதையைக் கவனிக்கிற ஆசிரியர். முப்பத்தைந்து வயசு, சென்னைக்காரன், அம்மா வழியில் பாளையங்கோட்டை. ஆரஞ்சுப் பழப் பையை மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றான்.

“அளத்துக்குப் போனீங்களாமே அக்கா. சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்போம்.”

“சொல்லியிருந்தா வாசல் கேட்டப் பூட்டியிருப்பிய. உக்காரு தம்பி. அந்தக் கம்மல் என்ன செய்யுது?”

“கதை சொல்லுது.”

“எட்வினு.”

அவன் உட்கார்ந்தான். “நல்ல கதையில மூழ்கியிருக்கும்போது கொசு கடிச்சா தெரியுமா அக்கா?”

“தெரியாது.”

“அவ்வளவுதான். அந்தத் தெரியாமப்போறதைக் கொஞ்சம் நீட்டினோம். வலி, களைப்பு, வெயில், எதுவும் மேல ஏறாது. கேக்கறவங்களுக்கு நிம்மதிதானே.”

“கொசு கடிச்ச எடம் பொறவு அரிக்கும்லா?”

எட்வின் பழப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அரிக்கும். வலி எங்கயும் போறதில்ல. கம்மல் எடுத்து வச்சுக்குது. சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுக்கணும்னுதான் முதல்ல செஞ்சோம். சத்தியமா.”

“பொறவு?”

“சாயங்காலம் வலி வாங்கினவங்க மறுநாள் லேட்டா வந்தாங்க. சிலபேர் வரவே இல்ல. கம்மலை வாங்கி விநியோகிக்கிறது அளத்து முதலாளிங்க, சூளை முதலாளிங்க. அவங்க வேண்டாம்னாங்க. பதிப்பாளர் திருப்பிக் கொடுக்கிறதை மூடச் சொன்னார். பதினாலு மாசமாச்சு.”

“அப்ப எங்கதைக்கு வாசகர் யாருடே? முதலாளியா? எங்க சனம் யாரு, மாடா? கழுத்துல கட்டுத மணியா நானு?”

 எட்வின் தான் வந்த காரியத்தைச் சொன்னான். “நீங்க கதைய முடிக்கக் கூடாதுக்கா. இழுத்துக்கிட்டே போகணும். முற்றும்னு மட்டும் சொல்லிடாதீங்க. கதை முடிஞ்சா வலியை வச்சுக்கிட்டிருக்க கம்மலால முடியாது. மொத்தத்தையும் ஒரே நேரத்துல கொட்டிடும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ஒருத்தருக்கு மட்டும் முடிச்சுப் பாத்தோம்.” குரல் உள்ளே போய்விட்டது. “உங்க பழைய பதிவுகளை ஒட்டி, ஒரு கம்மலுக்கு மட்டும் கடைசி அத்தியாயம் அனுப்பினோம். பட்டியல்ல இருக்கறதுலயே திடமான ஆளாப் பாத்து எடுத்தோம்க்கா. செல்வராணி, இருபத்திரண்டு வயசு. தாங்குவாங்கன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டார்.”

“செல்வராணி நேத்து துட்டிவீட்டுல காப்பி குடுத்தா.”

“அதான் எங்களுக்கு இன்னும் புரியல. அனுப்பின நேரத்துல விழுந்தது ராஜகனியம்மா.”

பட்டுக்கனிக்குப் புரிந்துவிட்டது. பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொன்னாள். செல்வராணியின் பெயரில் இருந்த கம்மலைப் பதினாலு மாதத்தில் அளத்தில் எல்லோரும் மாட்டியிருப்பார்கள். எல்லோருடைய வலியும் அதற்குள் இறங்கியிருக்கும். அன்று காலையில் அது ராஜகனி கைக்கு வந்தது. எல்லாரும் ஒண்ணா வாராவ.

எட்வின் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். “அப்படின்னா யாரோட வலி யார் பேர்ல இருக்குன்னே தெரியாதா? ஏன்க்கா மாத்தி மாத்திப் போட்டாங்க? யாரும் கேக்கலையா?”

“அளத்துல அதக் கேக்கமாட்டோம்” என்றாள் பட்டுக்கனி.

அது பழைய முறை. தலைச்சுமையோடு போகிறவளுக்கு வழியில் முடியாமல் போனால் ‘மாத்து’ என்று ஒரு குரல் கொடுப்பாள். அருகில் இருப்பவள் தலையை நீட்டிக் கூடையை வாங்கிக்கொள்ள வேண்டும். யாருடைய சுமை, எவ்வளவு கனம் என்று கேட்கக் கூடாது. கேட்டவளை அளத்தில் ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவார்கள். அதே கையோடுதான் டின்னுக்குள்ளும் கையை விட்டார்கள்.

“நாளைலருந்து நான் சொல்லல” என்றாள்.

“கதை நின்னாலும் முடிஞ்ச மாதிரிதான். தினமும் உங்க வாயால ‘தொடரும்’னு புதுசாச் சொன்னாத்தான் மறுநாளுக்குத் தள்ளிப்போகும், பழைய பதிவு செல்லாது. மெஷின்ல உங்க குரலைச் செஞ்சு பாத்தோம், மூணு நிமிஷத்துக்கு மேல காது பிடிக்கல. பதினோராயிரம் காதுக்கா. கல்குவாரி, செங்கச்சூளை, நூல்மில். அத்தனை பேரும் ராஜகனியம்மா மாதிரி…”

“கழட்டி எறியச் சொல்லுதேன்.”

“எறிஞ்சா வலி வராது. உணர்ச்சியும் வராது. நூறு நாளுக்கு மேல போட்டவங்களுக்கு உடம்பு கதவைச் சாத்திடுது. வெளிய நிக்கிற வலி கொஞ்சமாவது உள்ள போனாத்தான் அது திறக்கும். இல்லாட்டி உங்க தங்கச்சிக்குக் கால் இருக்கா போச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது.”

“அவ வலி எந்தக் கம்மல்ல கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“யாரோடதா இருந்தாலும் போதும். உடம்பு அதைப் பாக்கறதில்ல.”

“அப்ப திருப்பிக் குடுக்குதத் தொறந்து விடு. சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா.”

“அது பதிப்பாளர் சொல்லணும். அவர் சொல்லமாட்டார்.” வாசல்வரை போனவன் திரும்பினான். “நீங்க அருமையாச் சொல்றீங்கக்கா. அதுதான் பிரச்சனையே. சுமாரான கதையா இருந்திருந்தா என்னைக்கோ எல்லாரும் கழட்டிப் போட்டிருப்பாங்க.”

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் பஞ்சு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டாள். அமலோற்பவம் தோணியில் உட்கார்ந்திருந்தாள். புயல் ஓய்ந்திருந்தது. பத்து நிமிஷம் கதையைக் கதையாகவே நடத்தினாள். பிறகு அமலோற்பவம் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“அவ எந்திரிச்சு என்ன சொன்னா தெரியுமா? ‘ஏட்டி கேளுங்க, கல்லு ஒடைக்கிறவியளும் கேளுங்க, சூளையில நிக்குதவியளும் கேளுங்க. ஒங்க காதுல கெடக்குத கம்மல்தான் இந்தத் தோணி. இதுக்கு அடித்தட்டுல ஒங்க வலி எல்லாம் மூடை மூடையாக் கெடக்கு. ராஜகனின்னு ஒருத்தி இருந்தா…’”

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் எட்வின் குரல் வந்தது. “அக்கா, கதைக்கு வாங்க.”

“கதைக்குள்ளதான்டே இருக்கேன்” என்றாள். அதுவும் பதினோராயிரம் காதுக்குப் போயிற்று. “நிறுத்தணும்னா நிறுத்து.”

நிறுத்த முடியாது. நடுவில் நிறுத்தினால் கதை முடிந்ததாகிவிடும். நேற்று மாலை அவளைக் கட்டிப்போட்ட கயிற்றின் மறுமுனை இப்போது அவர்கள் கழுத்தில் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். அமலோற்பவத்தின் வாயில் வைத்தே சொன்னாள். கம்மல் என்ன செய்கிறது, சாயங்காலம் திருப்பித் தரவேண்டியதை யாருக்காக மூடினார்கள், கடைசி அத்தியாயத்தை யார் காதில் சோதித்தார்கள். கழற்ற முடிந்தவர்கள் இப்போதே கழற்றுங்கள், ஆனால் எறியாதீர்கள், உங்களுடையது உள்ளே இருக்கிறது என்றாள். மூடியதைத் திறக்கும்வரை இன்று நான் ‘தொடரும்’ சொல்லமாட்டேன் என்றாள்.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பதிப்பாளரே பேசினார். இதமான குரல். “அம்மா, நாம குடும்பம் மாதிரி. உட்கார்ந்து பேசலாமே. உங்களுக்குத் தொண்டை என்னாவது?” அவள் அவரையும் கதைக்குள் இழுத்து, கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவராக ஆக்கிவிட்டாள். சூளையில் யாரோ சிரித்திருப்பார்கள்.

தொண்டை பத்து மணிக்குக் கட்டத் தொடங்கியது. குரல் உடைந்து நின்றுபோனால், கழற்றாமல் கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேர் மேலும் அது விழும். பட்டுக்கனிக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிப்பாளர் ஒரு காதில் சோதித்தார், நான் பதினோராயிரம் காதை வைத்து மிரட்டுகிறேன் என்று ஒரு தடவை நினைத்தாள். நினைத்தபிறகும் நிறுத்தவில்லை. அது சரியா என்று இன்றுவரை அவளுக்கு உறுதியில்லை. சொம்பு காலியானது. கடைசி ஒரு மணி நேரம் கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. அமலோற்பவம் துடுப்புப் போட்டாள், துடுப்புப் போட்டாள், அவ்வளவுதான்.

பதினொன்றேகால் மணிக்கு எட்வின் மெதுவாகச் சொன்னான். “திறந்தாச்சுக்கா. நானே திறந்துட்டேன். இங்க எல்லாரும் கத்திக்கிட்டிருக்காங்க. சொல்லிடுங்க.”

அவள் ‘தொடரும்’ என்றாள். அது தவளை கத்தியது மாதிரி வந்தது.

*

அளத்துப் பெண்கள் சாயங்காலங்களில் மாதா கோயில் பின்புறத்தில் கூடினார்கள். முதல் நாள் யார் முதலில் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கபுஷ்பம்தான் டின்னுக்குள் கையை விட்டாள். “எவளோடதா இருந்தா என்ன? மாத்துன்னா மாத்துதான்” என்று மாட்டிக்கொண்டாள்.

ஒரு தடவைக்குக் கால்மணி நேரம் வரையறை. முதல் நிமிஷத்திலேயே அவள் மண்ணைப் பிறாண்டினாள். யாருடைய தோள்பட்டையோ, யாருடைய கழுத்தோ அவள் உடம்பில் புகுந்து அவளை முறுக்கியது. கால்மணி முடிந்து கம்மலைக் கழற்றியதும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. குனிந்து தன் காலையே பார்த்தாள்.

“யக்கா! யம்மா! யக்கா, காலுக்கா!” என்று அலறினாள். அலறிக்கொண்டே சிரித்தாள். “வலிக்குக்கா! என் காலு வலிக்கு!” ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ராஜகனி மதினிக்காக ஒப்பாரி வைத்தாள். அவளுக்கு இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது.

மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். சிரிப்புக்கும் குறைவில்லை. சவரியம்மாள் கிழவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். “ஏளா, இந்தப் பல்லுவலி எவளுது? எனக்கு அந்தப் பக்கம் பல்லே கெடையாது!” செல்வராணி ஒரு மாலை கால்மணி நேரம் முட்டிவலியை வாங்கிவிட்டு, தன் மாமியார் ஏன் மாடிப்படி ஏறமாட்டாள் என்று புரிந்துவிட்டதாகச் சொன்னாள். சில வலிகள் யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்றாம் வாரம் பட்டுக்கனி தானும் ஒரு பங்கு எடுப்பதாகச் சொன்னாள். இது அவள் சொன்ன கதையால் வந்த வலி. கம்மலை மாட்டினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இடது இடுப்பில், எலும்புக்குள்ளே, சூடான கம்பியை மெல்லத் திருகினாற்போல் ஒன்று எழுந்தது. உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள். அவள் நடக்கவில்லை, அந்த வலி நடந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து, வலது தோளை உயர்த்தி, இரண்டடிக்கு ஒருமுறை நின்று மூச்சு விட்டு.

 சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“யக்கா, நில்லு” என்றாள் கட்டுப்போட்ட காலோடு தங்கபுஷ்பம். “இது ராஜகனி மதினி நடை.”

அப்படித்தான். செத்துப்போனவளின் இடுப்பு பட்டுக்கனிக்குள் இருந்தது. நாலு பிள்ளை பெற்ற இடுப்பு. இடிந்தகரைச் சந்தையில் விழுந்து எலும்பு விட்டுப்போனபின்னும் வேலைக்கு வந்த இடுப்பு. பட்டுக்கனிக்கு அவள் குளித்த சோப்பின் வாசனைகூட வந்தது போலிருந்தது. செல்வராணி ஓடிவந்து கம்மலைப் பிடுங்கினாள்.

எட்வின் அங்கே இருந்தான். வேலையிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். திறந்ததை மட்டும் மறுபடி மூடவில்லை; மூடினால் பட்டுக்கனி ‘தொடரும்’ சொல்லமாட்டாள். ஆனாலும் வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, கம்மல்களில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான். கால்மணி நேரம் தானும் எடுத்துப் பார்த்தான்; ஆறு நிமிஷத்தில் வாந்தி எடுத்தான். மறுவாரமும் எடுத்தான்.

“ராஜகனியம்மாவோடது ஒரே மாதிரி தடம் விட்டிருக்கு” என்று அவன் கம்மல்களைப் பார்த்துச் சொன்னான். “எல்லாத்துலயும் சிதறிக் கிடக்கு. ஆனா பிரிச்சு ஒண்ணுல சேத்துடலாம். மொத்தம் நானூத்திப் பதினொரு நாள். அவங்க இறந்துட்டாங்க. வேணும்னா அழிச்சுடலாம்.”

“அழிச்சா?” என்றாள் தங்கபுஷ்பம்.

“இல்லாமப் போயிடும்.”

“அவ பட்டதே இல்லன்னு ஆயிருமா?”

 கோயில் சுவருக்கு அப்பால் லாரி ஒன்று உப்பு ஏற்றிக்கொண்டு போனது.

“நாம எடுப்போம்” என்றாள் சவரியம்மாள். “மதினிக்காகப் பங்கு போட்டு எடுப்போம்.”

“நான் எடுக்கமாட்டேன்” என்றாள் தங்கபுஷ்பம். “கோவிக்காத பெரியம்மா. ஒன்னோடதுன்னா கேக்காம எடுப்பேன். இவளோடதுன்னா எடுப்பேன். மதினியக் கொன்னது யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அவ வலிய நம்மளே சொமந்து தீத்துட்டா அந்தப் பதிப்பாளருக்கு லேசாப் போயிரும்லா? இது ஒண்ணுக்கு மட்டும் கேக்கணும். யார் சொமை, யார் தூக்கணும்னு கேக்கணும்.”

அளத்தில் அந்தக் கேள்வி அதுவரை எழுந்ததில்லை.

எட்வின் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தான். அந்த ஒரு கம்மலைப் பஞ்சில் வைத்து, பெண்கள் எல்லோரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்து, பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். அவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி வந்தது. வேறு பதில் வரவில்லை.

சூளைகளிலும் மில்களிலும் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்களுடையதைக் கால்மணி கால்மணியாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தீர்க்கும்வரை பட்டுக்கனி கதையை நிறுத்த முடியாது. தினமும் காலையில் பஞ்சு அறைக்குப் போகிறாள். அமலோற்பவம் இன்னும் கரை சேரவில்லை. எட்டு மணிக்கு முடிக்கும் முன் ஒரு வாக்கியம் சொல்கிறாள். பதிப்பாளர் அதை வெட்ட ஆள் வைத்துப் பார்த்தார். நடுவில் வெட்டினால் என்ன ஆகும் என்று புது ஆசிரியர் அவருக்கு விளக்கியிருப்பார் போல. வாக்கியம் அப்படியே போகிறது, பதினோராயிரம் காதுக்கும்:

“ராஜகனியின் நானூத்திப் பதினொரு நாள் இடுப்புவலி பாக்கி. எடுக்க வேண்டியவர் பதிப்பாளர். இன்னும் எடுக்கவில்லை.”